கைசிகம்: ஒரு பண்ணைத் தேடித் தீவைச் சுற்றி

கார்த்திகை வளர்பிறை ஏகாதசியன்று இரவு திருவரங்கம் பெரிய கோயிலில் பட்டர் கைசிக புராணம் வாசிப்பார். வராக புராணத்தின் ஒரு பகுதி அது. கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர் அதற்கு மணிப்பிரவாளத்தில் உரை சொல்லியிருக்கிறார். கதை நடப்பது திருக்குறுங்குடியில். பாணர் குலத்து நம்பாடுவான் பெருமாளைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசு ஒன்று மறிக்கிறது. பாடிவிட்டு வந்து இரையாகிறேன் என்று சத்தியத்துக்கு மேல் சத்தியமாகப் பதினெட்டுச் செய்துவிட்டுப் போகிறான். சொன்னபடி திரும்பியும் வருகிறான். மனம் மாறிய ராட்சசு, உன் உடம்பு வேண்டாம், உன் பாட்டின் பலனைக் கொடு என்கிறது. பேரம் நீள்கிறது. கடைசியில் கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலன் மட்டும் கைமாறுகிறது. ராட்சசின் சாபம் தீர்கிறது.

ஏகாதசிகளில் ஒரு பண்ணின் பெயரைத் தாங்கியது இது. ஆனால் வாசிக்கப்படுவது உரைநடை. பண்ணைப் பற்றிய கதை காதில் விழுகிறது, பண் விழுவதில்லை.

திருவரங்கம் இருக்கும் அதே தீவில், டவுன் பஸ்ஸில் சில நிமிடத் தூரத்தில், திருவானைக்கா இருக்கிறது. அத்தலத்தின் மேல் சம்பந்தர் பாடிய பதிகங்களில் ஒன்று மூன்றாம் திருமுறையில் 53-ஆவது. ஏட்டிலும் அச்சிலும் அதற்குக் குறித்திருக்கும் பண் கௌசிகம். கைசிகம், கௌசிகம் என்று எழுத்து சற்றுப் புரண்டிருந்தாலும் பெயர் ஒன்றுதான். ஓதுவார்கள் இன்று அதைப் பைரவியில் பாடுகிறார்கள்.

மூன்றாவது இடத்துக்குத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போய், அங்கிருந்து இன்னும் சுமார் 20 கி.மீ. போக வேண்டும். குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலை ஒட்டிய குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், சுரங்களாகவே வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். அதாவது ஏறக்குறைய சம்பந்தர் காலம். அதில் ஏழு பகுதிகள்: மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், ஏழாவதாகக் கைசிகம்.

நான்காவது இடம், கர்நாடக சங்கீதம் கற்கும் எந்தப் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும்தான். கைசிகி நிஷாதம். பைரவியில் வருகிற நிஷாதமும் அதுவே. இதைக் கண்டவுடன் "ஆகா, கைசிகம் பைரவியேதான்" என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். துள்ளியவர்களும் உண்டு. பைரவிக்கு மட்டும் உரியதா அந்த நிஷாதம்? கரகரப்ரியாவிலும் தோடியிலும் இருப்பதும் அதுதானே. ஒரு சுரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பண்ணைக் கரையேற்ற முடியாது.

பழைய இசையைப் பாட விரும்புகிறவருக்கும் ஆராய விரும்புகிறவருக்கும் திருச்சி வட்டாரத்தைப் போன்ற இடம் தமிழ்நாட்டில் குறைவு. கல்லும் ஏடும் கோயில் கைங்கரியமும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்குகின்றன. ஆனால் கல்லைப் படிக்கிறவர் ஓதுவாரைக் கேட்பதில்லை, ஓதுவார் திருவரங்கத்தில் பாசுரம் பாடும் அரையரைக் கேட்பதில்லை, வித்துவான் இந்த மூவரையும் கேட்காமலேயே மேடையில் "தொன்மையான பண்" என்று அறிவிக்கிறார். இந்தத் துறையில் இன்று கிடைப்பது என்ன, இல்லாதது என்ன என்று ஒரு கணக்குப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

கல்லிலிருந்து தொடங்குவோம். குடுமியான்மலைக் கல்வெட்டு 1904-இல் படியெடுக்கப்பட்டது. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி எட்டயபுரத்தில் அச்சேறியதும் அதே ஆண்டுதான்; பாறையில் எழுதிய சுரமும் தாளில் எழுதிய சுரமும் ஒரே வருஷத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. கல்வெட்டைப் பதிப்பித்தவர் பி.ஆர். பண்டார்க்கர். எபிகிராஃபியா இண்டிகாவின் 12-ஆம் தொகுதியில் அந்தப் பதிப்பு இருக்கிறது. இன்றைக்கும் ஆரம்பிக்கிறவர் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

கல்லில் சுரங்கள் நந்நான்காகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுர எழுத்தும் நான்கு உயிரொலிகளை ஏற்று வருகிறது: ர, ரி, ரு, ரெ என்பது போல. சில எழுத்துகளின் தலையில் புள்ளியும் உண்டு. அந்த உயிரொலி மாற்றம் சுருதி நுட்பத்தையா காட்டுகிறது, நரம்பை மீட்டும் விதத்தையா என்று நூறாண்டாக வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. கடைசியில் ஒரு வடமொழிக் குறிப்பு: உருத்திராசாரியரின் மாணவனும் பரம மாகேசுவரனுமான அரசன் ஒருவன் மாணாக்கர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று. அதன் கீழே தமிழில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில் ஒரு சிறு வரி. எட்டும் ஏழும் நரம்புகளின் எண்ணிக்கை என்று கொள்கிறவர்கள் பலர். பரிவாதினி என்ற சொல் அங்கேயும் திருமயத்திலும் வெட்டப்பட்டிருப்பது அவர்களுக்குத் துணை நிற்கிறது. பரிவாதினி ஏழு நரம்பு வீணை.

அரசன் பெயர் கல்லில் இல்லை. மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். திருச்சி மலைக்கோட்டையின் மேல் குடைவரை அவன் குடைந்தது. சங்கீர்ணஜாதி என்று தாளத்தோடு ஒட்டிய பட்டப்பெயர் வேறு அவனுக்கு உண்டு. பல்லவர் ஆட்சியைப் பற்றி 1938-இல் நூல் எழுதிய சி. மீனாட்சியும் இந்தக் கல்வெட்டை விரிவாகப் பேசினார். ஆனால் குடுமியான்மலைப் பக்கம் பல்லவர் கை ஓங்கியிருந்த நாடு அல்ல என்பது பின்வந்தவர்களின் தடை. எனக்கு இந்த வழக்கில் அவ்வளவு அக்கறை இல்லை. பாடுகிறவருக்கு முக்கியமானது அந்த வடமொழிக் குறிப்பில் உள்ள ஒரு சொல்: மாணாக்கர். கல்லில் இருப்பது கச்சேரி உருப்படி அன்று, பயிற்சிப் பாடம். சாகித்தியம் கிடையாது, தாளம் குறிக்கவில்லை. இன்று ஒருவர் சரளி வரிசையைப் பாறையில் வெட்டிவைத்து, ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து வருகிறவர்கள் அதிலிருந்து அரியக்குடியின் பாணியைக் கண்டுபிடிக்க முயன்றால் எப்படி இருக்கும்? அவ்வளவு கடினம் இது. ரிச்சர்ட் விடெஸ் 1979-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1995-இல் வந்த அவருடைய பழைய இந்திய ராகங்கள் பற்றிய நூலும் இந்தக் கடினத்தை மறைக்காமல் வேலை செய்தவை. அவற்றுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு வர வேண்டும்.

கல்லிலுள்ள ஏழில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் மூன்றும் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்று தேவாரப் பண்களிலும் நிற்கின்றன. இன்றைய ஓதுவார் மரபில் சாதாரி பந்துவராளியாகவும் பஞ்சமம் ஆகிரியாகவும் ஒலிக்கின்றன. பெயர் நீடித்தது உறுதி. மெட்டு நீடித்ததா? இந்தத் துறையின் நடுக்கேள்வி இதுதான்.

நீடித்திருக்க வாய்ப்புக் குறைவு என்பது என் எண்ணம். பதிகங்களுக்குப் பண் அடைவு வகுத்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏடுகள் தில்லையில் கிடைத்தபோது பாடும் முறை மறந்துபோயிருந்தது; எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண் ஒருவர்தான் பண்களை மீண்டும் அமைத்துக் கொடுத்தார். மரபே ஒப்புக்கொள்ளும் முறிவு இது. அதன் பிறகு இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடன் வாசிக்க உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் நியமித்தான். நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல். ஐம்பது பேரின் கூலி கல்லில் இருக்கிறது. அவர்கள் பாடிய மெட்டை யாரும் கல்லில் எழுதவில்லை.

நம்பாடுவான் பாணர். யாழ்ப்பாணர் பாணர். மூன்றாவது பாணர் ஒருவர் திருச்சிக்குள்ளேயே இருக்கிறார்: உறையூர் திருப்பாணாழ்வார். காவிரியின் தென்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தவரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்பது குருபரம்பரைக் கதை. முனிவாகனன் என்ற பெயர் அதனால் வந்தது. பத்தே பாசுரங்கள் பாடினார். ஆண்டுதோறும் கார்த்திகை ரோகிணியில் அவருக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுகிறார்கள். படங்களில் கையில் ஒரு நரம்புக் கருவி இருக்கும். யாழ் என்கிறோம், ஓவியர் பெரும்பாலும் வீணையையோ தம்புராவையோ வரைந்துவிடுகிறார்! நம் பழைய இசையைச் சுமந்தவர்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட பாணர்கள். அதை எழுதிவைத்தவர்கள் கோயிலுக்கும் அரசுக்கும் உள்ளே இருந்தவர்கள். சுமந்த கை வேறு, எழுதிய கை வேறு என்பதால்தான் பெயர்கள் நமக்கு வந்து சேர்ந்தன, ஓசை வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். துறை நூல்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

திருவரங்கத்தில் ஓசையை நோக்கிய கதவு ஒன்று இன்னும் அடைபடாமல் இருக்கிறது: அரையர் சேவை. மார்கழி அத்யயன உற்சவத்தில் பகல் பத்து அர்ச்சுன மண்டபத்திலும், இராப்பத்து ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்திலும் நடக்கும். கூம்பிய குல்லாயும் கைத்தாளமுமாக நின்று அரையர் பாசுரத்தை இசையோடு விண்ணப்பிப்பார், அபிநயம் பிடிப்பார், தம்பிரான்படி வியாக்கியானம் சொல்வார். கம்ச வதமும் இராவண வதமும் சேவையின் பகுதியாக நடக்கும். விண்ணப்பம் செய்வார் என்பது இவர்களின் பழைய பெயர். இராமானுசருக்கு ஆசிரியர்களாக இருந்த ஐவரில் ஒருவர் திருவரங்கப்பெருமாள் அரையர். தொடக்கம் அதற்கும் முன்னால்: காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் பாசுரங்களுக்கு இசை வகுத்து, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்றுக்கொடுத்தார் என்கிறது மரபு.

இந்த மரபும் முறியாமல் வரவில்லை. 1323 படையெடுப்பில் திருவரங்கத்து உற்சவர் நம்பெருமாள் ஊரை விட்டுப் போய், 1371-இல் கோபணாரியர் காலத்தில்தான் திரும்பினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு. ஒரு தலைமுறைப் பாடகர்கள் பாடாமலேயே மூத்துப்போகப் போதுமான காலம். இன்று அரையர் பாடுவதில் ராக விரிவு குறைவு. சில சுரங்களுக்குள் ஏறி இறங்கும் ஓதல் அது. கச்சேரி கேட்டுப் பழகிய காது முதல் நாள் ஏமாந்துபோகும். மூன்றாம் நாள் அந்தத் தாளத்தின் நடை பிடிபடத் தொடங்கும். திருவாய்மொழிக்குப் பழைய பதிப்புகளில் முதிர்ந்த குறிஞ்சி போன்ற பண்களும், ஏழொத்து, ஒன்பதொத்து போன்ற தாளங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தாளப் பெயர்களுக்கும் அரையர் கையிலுள்ள தாளத்துக்கும் என்ன உறவு என்று உட்கார்ந்து அளந்து பார்ப்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தாங்கும் வேலை. ஸ்ரீராம பாரதி அரையர்களிடம் கேட்டுப் பயின்று, கைத்தாளத்தோடு நாலாயிரத்தையும் பாட முயன்றார்; தேவகானம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அவருக்குப் பின் அந்த அளவில் முயன்றவர் குறைவு.

இராப்பத்தில் இன்னொன்றையும் தவறவிடக் கூடாது. நம்பெருமாள் ஆஸ்தானத்துக்குத் திரும்பும்போது நடக்கும் வீணை ஏகாந்தம். பரம்பரைக் கைங்கரியமாக வீணை வாசிக்கிறார்கள். ஒலிபெருக்கி, பக்கவாத்தியம், கைத்தட்டல் எதுவும் கிடையாது. மேடைக்கு வருவதற்கு முன் வீணை எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்க விரும்புகிறவர் கூட்டத்தில் முண்டியடித்தாவது முன்னால் போய் நிற்கலாம்.

வயலூரை ஒரு வார்த்தை சொல்லித் தாண்டுகிறேன். அருணகிரிநாதருக்குப் பாட்டு பெருகிய தலம் அது என்பார்கள். திருப்புகழை ஏடு தேடி அச்சேற்றியவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை, முதல் தொகுதி 1894-இல் வந்தது. அங்கே நிலைமை தேவாரத்துக்கு நேர்மாறு. பண்ணின் பெயர் இல்லை, சந்தம் முழுசாக இருக்கிறது. தாளத்தை ஆராய்கிறவருக்கு அதைவிடப் பெரிய சுரங்கம் வேறில்லை.

இனி நூல்கள். திருச்சியில் இருந்துகொண்டு இத்துறையில் இறங்குகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது வீ.ப.கா. சுந்தரம் தொகுத்த தமிழிசைக் கலைக்களஞ்சியம். நான்கு தொகுதிகள், பாரதிதாசன் பல்கலைக்கழக வெளியீடு, முதல் தொகுதி 1992. சில இடங்களில் ஆர்வம் ஆதாரத்தை முந்திக்கொண்டு ஓடும். ஆனாலும் ஒரு தனி மனிதர் இவ்வளவு சொல்லையும் சேர்த்திருக்கிறாரே என்று மலைப்பாக இருக்கும். சேறை அறிவனாரின் பஞ்சமரபுக்கு அவர் எழுதிய உரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெள்ளகோவில் புலவர் தெய்வசிகாமணிக் கவுண்டர் ஏட்டைக் காத்துக் கொடுத்திராவிட்டால் அந்நூல் 1970-களில் அச்சுக்கு வந்திராது. சிலப்பதிகாரத்துக்கு எஸ். ராமநாதனின் ஆய்வு. சுருதிக் கணக்குக்கு ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம், 1917. யாழுக்கு விபுலானந்தரின் யாழ் நூல், 1947. அது அரங்கேறியது திருக்கொள்ளம்பூதூரில்.

கோயில்களில் யார் பாடினார், என்ன கூலி பெற்றார் என்று பார்ப்பதற்கு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுக்கத் திருவரங்கத்துக்கே ஒதுக்கப்பட்டது. அதோடு கோயிலொழுகு. திருச்சியில் 1982 முதல் இயங்கும் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையமும் அதன் 'வரலாறு' ஆய்விதழும் கோயில்களில் ஆடலும் பாடலும் எப்படி இருந்தன என்பதைக் கல்வெட்டையும் சிற்பத்தையும் வரிக்கு வரி பார்த்து எழுதிவருகின்றன. அதை நடத்தும் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். அவரது தளிச்சேரிக் கல்வெட்டு நூலைப் படித்தால், கல்வெட்டுச் சொல்லை எங்கே நிறுத்தி எங்கே ஊகத்தைத் தொடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பிடிபடும். ஒரு மணி நேரப் பயணத்தில் தஞ்சை சரசுவதி மகால். மராட்டியர் காலத்துக் கீதம், தாயம், சூளாதிச் சுவடிகள் சுரக்குறிப்போடு அங்கே உள்ளன. வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகை பேசும் இசை எப்படி நடந்திருக்கும் என்று காட்டுபவை அவை. கல்லுக்கும் கச்சேரிக்கும் நடுவே உள்ள நீண்ட இருட்டில் விளக்கு எரிகிற இடம் அது ஒன்றுதான். ஆனால் இளைய பாடகர்கள் எட்டிப் பார்ப்பது குறைவு.

காதுக்கு வேண்டியது: புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த கணினித் தேவாரம். தி.வே. கோபாலையரின் பதிப்பை அடியொற்றி, தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய ஒலிப்பதிவுகளோடு வந்தது. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களின் பேச்சையும் தேடிப் படிக்கலாம். ஒவ்வொரு பண்ணுக்கும் இன்ன ராகம் என்று முடிவுகட்ட நடந்த விவாதங்களில், முடிவைவிடச் சண்டை சுவையானது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சபாவில் கேட்டேன். பாடகர் "இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான பண்" என்று அறிவித்துவிட்டு, கமகம் இழைத்த அழகான பைரவியைப் பாடினார். இன்றைய பைரவி, இன்றைய தம்புரா, இன்றைய ஆதி தாளம். பாட்டில் குறையே இல்லை, அறிவிப்பில்தான் பொய். ஐரோப்பாவில் ஆர்னால்ட் டோல்மெட்ச் நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே பழைய கருவிகளைச் செய்து, பழைய நூல்களைப் படித்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய நூல் 1915-இல் வந்தது. அந்த வழியில் வந்தவர்கள் இன்ன சுவடி, இன்ன சுருதி, இன்ன கருவியின் நகல் என்று உறையில் அச்சிட்டுவிட்டுத்தான் வாசிக்கிறார்கள். சீனத்தில் இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. குடுமியான்மலையின் காலத்தையே ஒட்டிய சுவடி ஒன்றில் குச்சின் என்ற நரம்புக் கருவிக்கு எழுதிய யூலான் என்ற உருப்படி இருக்கிறது. அதில் விரல் வைக்கும் இடம் எழுதியிருக்கிறது, கால அளவு எழுதவில்லை. வாசிப்பவர் தானே முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்ததை அவர் பெயராலேயே வழங்குகிறார்கள்: இது குவான் பிங்ஹூவின் யூலான், இது இன்னாருடையது என்று. பழைய உருப்படியும் கெடவில்லை, புதிய உழைப்பும் மறையவில்லை.

நமக்கும் அது வேண்டும். "கௌசிகப் பதிகம், ஓதுவார் மரபின் பைரவியில்" என்று ஒருவர் சொல்லட்டும். "குடுமியான்மலைக் கைசிகத்தின் சுரவரிசையை ஆதாரமாக வைத்து நான் அமைத்தது" என்று இன்னொருவர் சொல்லட்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே மேடையில் கேட்டால் கேட்பவருக்கே கேள்வி பிறக்கும். அதற்கு அரசு இசைப்பள்ளியில் தேவாரம் படிக்கும் பிள்ளையும், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் பிள்ளையும், திருவரங்கத்தில் பாசுரம் சேவிக்கும் பிள்ளையும் ஒரு நாள் ஒன்றாகப் பஸ் ஏற வேண்டும். பெரிய நிதியோ மாநாடோ இதற்குத் தேவையில்லை.

பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடுமியான்மலைக்குப் போகும்போது பண்டார்க்கர் பதிப்பின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்குக் கல் எளிதில் பேசாது. ஏழாம் பகுதியை ஒருமுறையாவது வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். கைசிக ஏகாதசியன்று சீக்கிரமே புறப்பட்டுத் திருவானைக்காவில் 53-ஆம் பதிகத்தை ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரவு திருவரங்கத்துக்கு வாருங்கள். புராணம் வாசித்து முடிய நேரமாகும். கார்த்திகைக் குளிருக்கு ஒரு துண்டு கொண்டுவருவது நல்லது.